ஒரு கட்டம்கூடக் காலியில்லை

கணினித் திரையில் மர ஸ்கேலை அணைத்துப் பிடித்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வருகிறார் சரியாக்கா. உதடுகள் எண்களை முணுமுணுக்கின்றன. நடுவில் யாராவது கூப்பிட்டால் ஸ்கேலை எடுக்காமலே, "இருங்க, இந்த ஆளை விட்டுட்டு வர முடியாது, சரியா?" என்பார். எதற்கும் கடைசியில் "சரியா?" போடுவதால் அந்தக் கண் மருத்துவமனையில் அவருக்கு இந்தப் பெயர்.

கேட்பதற்குச் சின்ன வேலைதான். மறுநாள் கண்புரை ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் பட்டியல் ஒரு கோப்பு. கண்ணை அளந்து, யாருக்கு எந்தப் பவர் லென்ஸ் என்று அளவு அறை அனுப்புவது இன்னொரு கோப்பு. இரண்டிலும் உள்ள நோயாளி எண்ணைப் பொருத்தி, பவரை அதிலிருந்து இதற்கு இழுத்துவர வேண்டும். கணினி கண் இமைப்பதற்குள் செய்துவிடும். அதற்குப் பிறகுதான் சரியாக்கா ஸ்கேலைக் கையில் எடுப்பார். எண் பிசகினால் ஒருவர் கண்ணுக்குள் இன்னொருவர் லென்ஸ்.

வீட்டிலும் இதே பாடுதான். கல்லூரிக்குக் கிளம்பிய மகளுக்குப் போன் போட்டு, "ஏறிட்டியா? நம்ம பஸ்தானா?" என்பார். "அதே பஸ், அதே டிரைவர், அதே மீசைம்மா!" என்பாள் மகள்.

சென்ற மாதம் காய்ச்சலில் ஒருநாள் படுத்துவிட்டார். பில் போடுகிறவர் அந்த வேலையைப் பார்த்தார். மறுநாள் காலை சரியாக்கா வந்ததும், "நிம்மதியா உக்காருங்கக்கா. ஒரு கட்டம்கூடக் காலியில்ல" என்றார்.

சரியாக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலியே இல்லையா? அளவு எடுக்காமல் நழுவுகிறவர் ஒருவராவது இருப்பார். பட்டியலில் அவருடைய பவர் கட்டம் வெறுமையாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் இவர் அளவு அறைக்கு ஓடுவது வழக்கம். பவரை இழுத்துவரும் சூத்திரத்தை அவசரமாகத் திறந்தார். 'அதே எண் இருந்தால் மட்டும்' என்று பில் போடுகிறவர் அதில் சொல்லாமல் விட்டதில், எண் கிடைக்காதவருக்கு முந்தைய எண்காரரின் பவரை எழுதிவிட்டு, கணினி ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் இருந்தது. அப்படி மாட்டியவர் ஒரு பெரியவர். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போயாயிற்று.

தியேட்டருக்குப் போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. மாடிப்படியில் ஓடினார். ஒருவேளை நாம்தான் தப்பாகப் பார்த்துவிட்டோமோ? ஊரைக் கூட்டி மானம் போகப்போகிறதோ? கால் மட்டும் நிற்கவில்லை.

"உள்ள வரக்கூடாதுக்கா!" என்று நர்ஸ் கதவை மறித்தார்.

"அந்தப் பெரியவருக்கு லென்ஸ் வெச்சாச்சா?"

"இப்பதான் சொட்டு மருந்து விட்டிருக்கு."

"வெக்காதீங்க! அது அவர் பவர் இல்ல!"

டாக்டர் வந்து கேஸ் ஷீட்டைப் புரட்டினார். அளவுச் சீட்டையே காணோம். முந்தின நாள் அளவெடுக்கக் கூப்பிட்டபோது பெரியவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தாராம். "இறக்குங்க இவரை. நாளைக்கு அளந்து பார்த்துட்டு வெப்போம்" என்றார் டாக்டர்.

சக்கர நாற்காலியில் வெளியே வந்த பெரியவர், "முடிஞ்சுதா? வலியே இல்லையே!" என்றார் சந்தோஷமாக. பின்னாலேயே ஓடிவந்திருந்த பில் போடுகிறவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரிக்கும் நாளில், அழைக்காமலே போய் அறையின் பின்பக்கம் ஒண்டி நின்றார் சரியாக்கா. நர்ஸ் கையை உயர்த்தி, "எத்தனை விரல்?" என்றார்.

"மூணு" என்றார் பெரியவர், பட்டென்று.

சரியாக்கா பக்கவாட்டில் எட்டி, நர்ஸின் விரல்களைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.