ஈ மொய்க்காத கருவாடு

மகள் ரீட்டாவின் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதிப்பது) முடிவைச் சொல்ல எங்களை உள்ளே அழைத்தார்கள். மார்பகப் புற்றுநோய். மருத்துவர் குறிப்பெழுதியபடியே கேட்டார்: "வீட்ல யாராவது கெமிக்கல் கம்பெனில வேலை பார்த்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

ரீட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணூர்ப் பக்கம் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில் வேதியியலாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான்.

மனைவி ஸ்டெல்லா காசிமேட்டுக்காரி. ரீட்டா சிறுமியாக இருந்தபோது காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நெத்திலி காயவைப்பாள். ஈ மொய்க்கிறது என்றாள். கம்பெனியிலிருந்து முகப்பவுடர் டப்பாவில் டி.டி.டி. பூச்சிக்கொல்லிப் பொடி நிரப்பிக் கொண்டுவந்து மீன்மேல் தூவச் சொன்னேன். "தண்ணியில கரையாது, உடம்புல சேராது. கழுவிட்டு வறு" என்றேன். அது எண்ணெயில் கரையும், உடம்பின் கொழுப்பில் ஆண்டுக்கணக்காகத் தங்கும் என்று படித்திருந்தேன். வறுத்தது எண்ணெயில்தான். ரீட்டா தட்டில் விழுமுன் எடுத்துத் தின்பாள்.

முதல் கீமோ (ரத்தத்தில் ஏற்றும் புற்றுநோய் மருந்து) ஏறிக்கொண்டிருந்தபோது, தெரிந்தே கொடுத்ததை இருவரிடமும் சொன்னேன்.

"யோவ், படிச்ச மனுசன்தானே நீ?" ஸ்டெல்லாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "ஈ மொய்க்காத கருவாடுன்னு பீத்திக்கினு தெருவுக்கே குடுத்தேனேய்யா!"

"ஜெனிக்கு ரெண்டு வருசம் பால் குடுத்தேம்பா" என்றாள் ரீட்டா.

அது தாய்ப்பாலில் இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். பேத்தியை மட்டும் அதுவரை நான் நினைக்கவே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுமுறை மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். "இதனாலதான்னு சொல்ல முடியாது சார். இல்லைன்னும் சொல்ல முடியாது. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்." இதைப் படிக்கும் உங்களிடமும் ஒருநாள் கேட்பார்கள். கேட்டவுடன் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்து ரீட்டாவுக்கு முடி முளைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. எங்கள் காலண்டரில் இப்போது அந்தத் தேதிகள்தான் இருக்கின்றன.

போன வாரம் பரணில் அந்தப் பவுடர் டப்பா அகப்பட்டது. குப்பையில் போடப் போனேன்.

"எங்க போட்டாலும் அது அங்கயே கெடக்கும்பா" என்றாள் ரீட்டா. "வை. ஞாயித்துக்கிழமை ஜெனி வரா. அவகிட்ட நீயே சொல்லு."

மூடிமேல் பிளாஸ்டர் சுற்றினேன். சுற்றும் முன் ஒருமுறை அசைத்துப் பார்த்தேன். எனக்கு எழுபத்தெட்டு. கண்ணில் புரை, முழங்காலில் தேய்மானம். இத்தனை வருஷமாகியும் பொடி மட்டும் கட்டிகூடத் தட்டவில்லை.