பனிக்கிணற்றில் விழுந்த கொட்டாவி

வேன் அக்காவுக்குக் கதை சொல்லும் எண்ணமே இருந்ததில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் அந்த வண்டி அவள் கணவருடையது. அவருடைய முதுகு மக்கர் பண்ணியதும் இவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஆள் குட்டை. தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். "ஆளில்லாம வண்டி வருது, வழி விடுங்கப்பா!" என்று மெக்கானிக் கிண்டல் செய்வார். "முதல்ல உங்க கண்ணாடியை மாத்துங்க" என்பாள்.

கதை பிறந்தது ரயில்வே கேட்டில். முன்பல் விழுந்ததால் 'ஓட்டைப்பல்' என்று பெயர் வாங்கிய சிறுமி புதிதாகச் சேர்ந்திருந்தாள். கேட் மூடி வண்டி நின்றாலே ஓவென்று அழுவாள். இனி அம்மாவிடம் போகவே முடியாது என்று பயம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அக்கா வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டாள். தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு நாடு. அங்கே மேகங்களைத் துவைத்துக் காயப்போடுவார்கள். காவலுக்குக் கொட்டாவி என்று ஒரு பிராணி. பூனையளவு உடம்பு, துடைப்பம் போல வால். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடும்.

"என் அழுகையையும் அதுதான் முழுங்கிடுச்சா?" என்றாள் சிறுமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பின்னே?"

அதன்பிறகு கேட் மூடாத நாட்களில்தான் பிள்ளைகளின் முகம் சுருங்கியது. போகப்போகக் கதைக்குச் சட்டங்களும் சேர்ந்தன. அந்த நாட்டின் நடுவே இருக்கும் பனிக்கிணற்றில் விழுந்தது எதுவும் திரும்பாது என்பது அவற்றில் ஒன்று.

கணவரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டியிருந்த ஒரு காலையில், அக்கா கதையைச் சட்டென்று முடிக்கப் பார்த்தாள். கொட்டாவியைக் கிணற்றில் தள்ளிவிட்டாள். "அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. இறங்குங்க."

மறுநாள் ஓட்டைப்பல் வேனில் ஏற மறுத்தாள். அவள் அம்மா குண்டுக்கட்டாகத் தூக்கி உட்காரவைத்தார். "நேத்து முழுக்கச் சாப்பிடலை. இப்படியே இருந்தா வேற வேன்தான் பாக்கணும்க்கா."

அக்கா கேட்டில் வண்டி நின்றதுமே ஆரம்பித்தாள். "கொட்டாவி தப்பிச்சு வந்துடுச்சு!"

வேனுக்குள் நீதிமன்றமே கூடியது. "விழுந்தா வர முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது... கயிறு போட்டு..."

"பொய்க்கா, பொய்!"

ஓட்டைப்பல் மட்டும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அக்காவைச் சுட்டது.

மாலையில் தம்பியிடம் புலம்பினாள். அவர்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன், அதுவும் இலக்கியத்தில்.

"பேர் போன குழந்தைக் கதைங்கள்ல பலதும் இப்படித்தான்க்கா பிறந்திருக்கு. தூங்காத பிள்ளைக்கு, காய்ச்சல்ல கிடந்த பிள்ளைக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க. புத்தகமெல்லாம் அப்புறம்தான்."

"சரிடா பட்டதாரி. செத்ததை எப்படி எழுப்புறது? அதைச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "எழுப்பக் கூடாதுன்னு தோணுது. சட்டத்தை மீறினா அந்த நாடே இல்லாமப் போயிடும். உன்னைவிடப் பிள்ளைங்கதான் அந்த நாட்டை நம்புதுங்க. ஆனா நான் படிச்சதுல பாதி எனக்கே புரியலை. என்னை முழுசா நம்பாதே."

மறுநாள் கேட்டில் அக்கா இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

"தப்பு என்மேலதான். அவசரத்துல தள்ளிட்டேன். கொட்டாவி திரும்பி வராது. ஆனா கிணத்துக்குள்ள என்ன இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நான் எட்டிப் பாத்ததே இல்லை."

ரயில் தடதடவென்று கடந்து போனது.

"கீழே இன்னொரு வானம் இருக்கு" என்றாள் ஓட்டைப்பல், ஜன்னலைப் பார்த்தபடியே.

"அப்படியா?"

"மேகமெல்லாம் அழுக்கா கிடக்கு. துவைக்க ஆளே இல்லை. கொட்டாவி பயந்துபோய் மூலையில உக்காந்திருக்கு."

"ஐயோ பாவம். அதுக்குத் துணைக்கு யாரு?"

சிறுமி மெல்லத் திரும்பினாள். "நான்தான் போறேன். ஆனா ரொம்ப நாளாகும். நீங்க நடுவுல முடிக்கக் கூடாது."

"முடிக்க நான் யாரு? நீ சொல்லு தங்கம்" என்றாள் அக்கா. "நான் மெதுவா ஓட்டுறேன்."