பௌர்ணமி மௌனம்

தியானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் உடம்பெல்லாம் பற்றி எரியும். புத்தர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் வீட்டை விட்டுப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். என் கணவர் வீட்டுக்குள்ளேயே, நான் பெருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தார்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அவருக்கு மொத்த அரிசிக் கடையில் வேலை. நான் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். தோட்டத்து லாரி வாரம் தவறாமல் அந்தக் கடைக்கு அரிசி ஏற்ற வரும். அந்த லாரியின் டிரைவர்தான் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர். அம்மா போன பிறகு அப்பா என்னை ஒற்றை ஆளாக வளர்த்தார். நான் மலை இறங்கி வந்த பிறகும் லாரியில் எனக்குத் தேயிலைத் தூள் பொட்டலம் வந்துகொண்டே இருந்தது.

பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தியான வகுப்பு நடக்கும். இலங்கையில் குமாஸ்தாவாக இருந்து ஊர் திரும்பிய ஒருவர், அங்கே புத்த விகாரையில் கற்றுக்கொண்டதைச் சொல்லிக் கொடுத்தார். கீழே பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்கிற ஒவ்வொரு தடவையும், மாடியில் கண்ணை மூடி இருப்பவர்கள் மனதுக்குள் ‘சத்தம், சத்தம்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். என் கணவர் கடையில் கூட வேலை பார்த்த ஒருவரோடு சும்மா பார்க்கப் போனவர். பிறகு ஒரு வாரம்கூட விடவில்லை.

வீட்டில் அதை எல்லாவற்றிலும் செய்து பார்த்தார். குழாயில் தண்ணீர் வருகிற அவசர நேரத்தில் முற்றத்தில் மெல்ல மெல்லக் காலைத் தூக்கி, நகர்த்தி, வைத்து நடை பழகுவார். நான் இடுப்பில் குடத்தோடு பின்னால் நிற்பேன். பொறுக்க முடியாமல் கத்தினால், மெதுவாக, “கோபம், கோபம்” என்பார். அவருக்குக் கோபம் வந்தால் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் என்னுடையதைக் கவனித்தார். குடியில்லை, சீட்டாட்டமில்லை, நீ கொடுத்துவைத்தவள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பௌர்ணமிதோறும் அவருக்கு மௌன விரதம். விடிந்ததிலிருந்து விளக்கேற்றும் வரை பேச மாட்டார். கடைக்கும் லீவு.

அப்படி ஒரு பௌர்ணமியன்று காலையில் நான் மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். “ஒங்க மாமாவுக்கு நெஞ்சடைச்சுப் போயி தோட்டத்து ஆஸ்பத்திரில கெடக்காரு. மகளப் பாக்கணும், மகளப் பாக்கணும்னு ஒரே பொலம்பல். ரெண்டு மணிக்கு லாரி கெளம்பும், பழவங்காடி முக்குல நிக்கேன். அனுப்பி வச்சிருங்க” என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் தலையை ஆட்டியிருக்கிறார். அந்த ஆட்டலை நம்பி டிரைவர் போய்விட்டார்.

இது எதுவும் தெரியாமல் நான் உச்சி வெயிலில் வீடு திரும்பினேன். சோறும் புளிக்கறியும் வைத்துப் பரிமாறினேன். அவர் வழக்கம்போல ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்றார். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். என் அப்பாவின் சேதியை அந்த வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் மனிதர் மென்றுகொண்டிருந்தார். அவர் சாப்பிட்டு எழுந்தபோதுகூட லாரி முக்கில்தான் நின்றிருந்தது. பொம்பளைகள் கிளம்ப நேரமாகும் என்று நினைத்து, டிரைவர் தான் சொன்ன நேரத்துக்கு மேலும் காத்திருந்தாராம்.

அந்தியில் விளக்கேற்றினேன். அவர் தொண்டையைச் செருமினார்.

“பதறாதே. ஒங்க அப்பாவுக்கு சுகமில்லேன்னு டிரைவர் வந்து சொன்னாரு. ஒன்னக் கேக்காராம்.”

“எப்பம் வந்தாரு?”

“காலத்தே. ரெண்டு மணிக்கு லாரி போயிருக்கும். நாளைக்கு பஸ்ஸுக்குப் போலாம்.”

“ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் காட்டியிருக்கலாம்லா?”

“எழுதுறதும் பேச்சாக்கும். சேதி கேட்டப்பம் எனக்கும் நெஞ்சு பதறிச்சு, கேட்டியா. பதறுது, பதறுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல அடங்கிட்டு.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. பரீட்சையில் பாஸானவர் மாதிரி. என் அப்பா மலைமேல் மூச்சுக்குத் திணறியது இவருக்குப் பயிற்சிக்கு உதவியிருக்கிறது. கையிலிருந்த தீப்பெட்டியை அவர் முகத்தில் எறிந்தேன். அவர் ‘கோபம்’ என்று தொடங்கப் போனார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரத்துக்கு மேல் மலைக்கு வண்டி கிடையாது. மறுநாள் முதல் பஸ்ஸில் விதுரா வரை போய், அங்கிருந்து ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏறினேன். அப்பாவுக்கு உயிர் இருந்தது. பேச்சு இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, நான் வந்துட்டேன்” என்று காதில் எத்தனையோ தரம் சொன்னேன். திரும்பவில்லை. அடுத்த நாள் போய்விட்டார்.

அவருக்குத் துணையிருந்தது பக்கத்து லயத்து அக்கா. எல்லாம் முடிந்து நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது சொன்னாள்: “அந்திக்கு லாரி வர்ற வரைக்கும் நல்லாப் பேசிட்டுத்தான் இருந்தாரு. சத்தம் கேட்டதும் எந்திரிச்சு உக்காரப் பாத்தாரு. நான் வெளிய போயி பாத்தேன், டிரைவரு மட்டும் நிக்காரு. திரும்பி வந்தேன். ‘வரலையா’ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? அப்பம் செவுத்துப் பக்கம் திரும்புனவருதான், பெறவு ஒரு பேச்சில்ல.”

அடக்கத்துக்கு என் கணவரும் வந்தார். இடுகாட்டு மேட்டில் எல்லாரையும் போல வேகமாகத்தான் நடந்தார்.

காரியங்கள் முடிந்து ஊர் திரும்பியதும் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவருக்குப் பின்னாலேயே அந்த மாடிப்படி ஏறினேன். கண்ணை மூடி இருந்தவர்கள் எல்லாரும் திறக்கும்படி, வாத்தியார் முன்னால் நின்று ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

“வீணாப் பேச வேண்டாம்னுதான் சொன்னேன் அம்மா. வீடு தீப்பிடிச்சாலும் கத்தப்பிடாதுன்னு சொல்லலை” என்றார் வாத்தியார். பிறகு என் கணவரைப் பார்த்து, “ஒம்ம விரதம் கெட்டிருந்தா என்ன வே போயிருக்கும்?” என்று கேட்டார்.

சண்டைக்குப் போன இடத்தில் எதிராளி நம் பக்கம் சேர்ந்துகொண்டால் அதைவிட எரிச்சல் வேறு இல்லை. கொண்டுபோன கோபத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கிளம்பும்போது வாத்தியார், வந்ததுக்குக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றார். படியிறங்கக் கால் வராமல் உட்கார்ந்தேன். பிற்பாடு பல ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கிறேன், வீட்டில் அரிசியில் கல் பொறுக்கும்போதும் மூச்சைக் கவனித்திருக்கிறேன். எது வந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தால் போய்விடும் என்று அந்த மனிதர் சொன்னதில் பொய் இல்லை. கால்வலி வந்தது, போனது. அழுகை வந்தது, போனது. இந்தக் கோபம் மட்டும் போகவில்லை. போகச் சொல்லி நானும் கேட்கவில்லை.

என் கணவர் அதோடு பௌர்ணமி விரதத்தை விட்டுவிட்டார். இப்போது நன்றாகப் பேசுகிறார். எப்போதாவது சாப்பிட்டு முடித்து, கை காய உட்கார்ந்திருக்கும்போது, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “ஒங்க அப்பா கடைசியா என்னதான் சொன்னாரு? நீ சொல்லவே இல்லியே.”

சொன்னால் அழுவார். அழுதால் அவருக்கு ஆறிவிடும். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். நான் தட்டைத் தேய்த்து, கழுவி, கவிழ்த்து வைக்கும் வரை அவர் அங்கேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.