பதிவேட்டில் ஏறாத வெடக்கோழி

அந்தப் பதிவேட்டை வைக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் நடந்ததற்குக் கொடுத்தவர்களையோ வாங்கியவரையோ குறை சொல்லிப் பயனில்லை.

எண்பதுகளின் நடுவில், தர்மபுரி மாவட்டத்துச் சிறிய பேரூராட்சி ஒன்றில் நான் இளநிலை உதவியாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள். சேர்ந்து இரண்டு வருடம் முடியப்போகிற சமயம். ஈ.ஓ. என்று ஊரே அழைத்த செயல் அலுவலர் என்னைப் பற்றி நல்லதாக ஒரு ரிப்போர்ட் எழுதி மேலே அனுப்பினால்தான் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் அப்பாவோடு கடலைக்காட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே எனக்கு மதிப்பில்லை. நான் களை பிடுங்கினால் செடியும் சேர்ந்து வரும்.

அந்த மாதம் பார்த்து ஈ.ஓ. மேல் ஒரு மொட்டைக் கடுதாசி கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டது. அவர் வீட்டுக்குள் சாமான் சாமானாகப் போகிறது, கேட்டால் எலுமிச்சம்பழம் என்கிறார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். தர்மபுரிக்குப் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தவர், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வேர்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணவனாச்சே. ரூல்ஸ் என்னப்பா சொல்லுது?"

துறைத் தேர்வுக்காக நடத்தை விதிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதில் ஒருவர் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. சொத்து விவரத்தையும் வாங்கிய அன்பளிப்பையும் எழுதி மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றேன்.

"அதான் வருசா வருசம் கவர்ல போட்டு ஒட்டி அனுப்பறனே. அதை எவன் பிரிச்சுப் பார்த்தான்?"

"யாரும் பார்க்கறதில்ல சார். அதனாலதான் கடுதாசி வருது. நாமளே ஒரு நோட்டுப் போட்டு வெளிய வெச்சிட்டா யார் வேணா பார்த்துக்கலாம். நாலு பேரு படிப்பாங்கன்னு தெரிஞ்சா குடுக்கறவங்களும் கூச்சப்படுவாங்க."

கடைசியாகச் சொன்னதை நான் முழு மனதாக நம்பினேன்.

மறுநாளே நீள நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, பொருள், கொடுத்தவர், எந்த வேலைக்காக. மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். மேலே ஓர் அட்டை: 'அன்பளிப்புப் பதிவேடு – பொதுமக்கள் பார்வைக்கு.' முதல் பக்கத்தை ஈ.ஓ.வே எழுதினார். எலுமிச்சம்பழம் இரண்டு, காலண்டர் ஒன்று, துண்டு ஒன்று. நீண்ட நேரம் யோசித்து, திருநீறு ஒரு பொட்டலம் என்றும் சேர்த்தார்.

மூன்று நாள் யாரும் சீண்டவில்லை. பியூன் அண்ணன் மட்டும் டீ கிளாசை அதன்மேல் வைத்தார். நாலாம் நாள் சந்தை. மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து தக்காளி கொண்டுவந்து விற்கிற அம்மாள், கடைக்கு இடம் கேட்டு வந்தவர், அது என்ன நோட்டு என்று விசாரித்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"என்னுது எங்க கண்ணு?"

"எதும்மா?"

"ரெண்டு கூடைத் தக்காளி. போன மாசம் அவரு வூட்டுல எறக்குனனே. கூடையக்கூட அந்தம்மா திருப்பித் தரல. காலண்டர் குடுத்தவன் பேரெல்லாம் எழுதியிருக்கீங்க. நாங்க குடுத்தா கணக்குல வராதா?"

அவர் முகத்தில் கூச்சத்தைத் தேடினேன். கோபம்தான் இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மொய் எழுதுகிற இடத்தில் மைக் வைத்து, யார் என்ன செய்தார்கள் என்று ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். நான் வெட்கப்பட வைப்பதற்காகத் தொங்கவிட்ட நோட்டை, ஊர் மொய் நோட்டாக எடுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் வரிசை வாசலைத் தாண்டியது. தேன், புளி, வாழைத்தார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். முருங்கைக்கீரை ஒரு கட்டு ஏறவில்லை என்று ஒருவர் பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கேட்பேன். "புளியா? யாரும் குடுக்கலியே" என்பார் ஈ.ஓ. ஜன்னலுக்கு வெளியிலிருந்து பதில் வரும்: "உங்க வூட்டு அடுப்பங்கரையில பச்சை மூடி டப்பாவுல இருக்குதுங்க சார்." அவர் தலை குனிந்தபடியே, "எழுதிக்கப்பா" என்பார்.

பெயர் இல்லாதவர்கள் பயந்துபோனதுதான் பெரிய கஷ்டம். "அவன் பேரு ஏறிடுச்சு. எனக்குக் குழாய் கனெக்‌ஷன் எப்ப வரும்?" என்று கேட்டபடி ஒருவர் பூசணிக்காயை என் மேஜைமேல் வைத்தார். நான் இரண்டாவது நோட்டு தைத்தேன்.

அதற்கடுத்த சந்தையன்று வரிசையில் என் அப்பா நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"வாசி" என்றார்.

இரண்டு நோட்டையும் வாசித்தேன்.

"என்னுது இல்லியே. வெடக்கோழி ஒண்ணு, இன்னும் முட்டை வெக்காதது. நீ வேலைக்குச் சேர்ந்த வாரம் ஐயா வூட்டுல கொண்டுபோய்க் குடுத்தேன்."

காட்டுப்பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி, அம்மா இரண்டு நாள் புதர் புதராகத் தேடிய கோழி அது.

"வேணாம்ப்பா. என் வேலைக்காகக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"வேலைக்காகத்தான் குடுத்தேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "இந்த மாசம்தான் என் ரிப்போர்ட் போவுது. இது ஏறினா வேலை நிக்காது."

அப்பா தாழ்த்தவில்லை. "கீரை ஏறுது. பூசணிக்கா ஏறுது. உங்கப்பன் கோழி மட்டும் எளக்காரமா?"

பின்னாலிருந்து தக்காளி அம்மாள், "எழுது கண்ணு. பெத்த மனசு நோவும்" என்றார்.

ஊரார் கொடுத்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியவன், என் வீட்டுக் கோழியை மட்டும் மறைத்தால் அந்த நோட்டுக்கு என்ன அர்த்தம்? எழுதினேன். கடைசிக் கட்டத்தில், 'மகன் இந்த அலுவலகத்தில் நிலைக்க வேண்டி.' உள்ளே எடுத்துப்போய் நீட்டினேன்.

ஈ.ஓ. இரண்டு தடவை படித்தார்.

"அந்தக் கோழி உங்கப்பாவுதா? இப்பக்கூட ஏழு குஞ்சு பொரிச்சிருக்கே." பிறகு கவலையோடு கேட்டார்: "குஞ்சையும் எழுதணுமாப்பா?"

குஞ்சு பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

என் ரிப்போர்ட் எழுதப்படாமல் அவர் முன்னால் கிடந்தது. நல்லதாக எழுதினால் கோழிக்காக எழுதினார் என்பார்கள். கெட்டதாக எழுதினால் கோழியையும் தின்றுவிட்டு வேலையும் செய்து தரவில்லை என்பார்கள். அவருக்கு இரண்டாவதுதான் அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன். பியூன் அண்ணனைக் கூப்பிட்டார். "வூட்டுக்குப் போயி அதைப் புடிச்சிக்கிட்டு வா."

அண்ணன் கோழியைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, குஞ்சுகளைக் கேரியரில் ஒரு கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கூடையைக் கண்டதும் தக்காளி அம்மாள் எழுந்து வந்து, குஞ்சுகளை அப்பாவின் துண்டில் கொட்டிவிட்டுக் கூடையோடு நடந்தார்.

'கோழி 1, குஞ்சு 7, திருப்பிப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி அப்பாவிடம் கைநாட்டு வாங்கினேன். "குடுத்ததைச் சபையில திருப்பிட்டாங்களே. பையன் வேலை போச்சு" என்று வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். தங்களுக்கும் அந்த அவமானம் வரக் கூடாதென்று ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அன்று சாயங்காலமே இரண்டு நோட்டும் பீரோவுக்குள் போயின. "பொதுமக்கள் பார்த்தது போதும்பா" என்றார் ஈ.ஓ. பார்வைக்கு என்று போட்டிருக்கிறதே என்றேன். அட்டை அங்கேயே இருக்கட்டும் என்றார். நான் இருந்தவரை அட்டை இருந்தது. யாராவது கேட்டால் பியூன் அண்ணன் பீரோவைக் காட்டுவார்.

என் ரிப்போர்ட்டில் அவர் எழுதியது இவ்வளவுதான்: 'நேர்மையானவர். தந்தை தொடர்பான விவரம் தனியே இணைக்கப்பட்டுள்ளது.' கைநாட்டின் நகலும் கூடவே போயிற்று. இரண்டு மாதம் தூக்கமில்லை. பிறகு வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"இதுக்கு யாருக்கு என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலப்பா. தானா வந்துச்சு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்தவனுக்கு உலகம் தெரியாது என்கிற பார்வை. பிறகு வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழியைக் காட்டினார்.

"ஆபீசர் வூட்டுல ரெண்டு வருசம் இருந்து, பேசி முடிச்சிட்டு வந்திருக்குது."

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் குஞ்சுகளில் ஒன்றைத்தான் அடிப்போம். அந்தக் கோழியின்மேல் கை வைக்க அப்பா கடைசிவரை யாரையும் விடவில்லை.