பேரரசரின் மதகுச் சாவி

பல கிரகங்கள் சேர்ந்த ஒரு குடியரசு பேரரசாக மாறும் விண்வெளித் தொடர் ஒன்றின் மேல் எனக்குப் பைத்தியம். மகள் கல்லூரிக்குப் போகும் வயதில் இது என்ன கூத்து என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். என்னைப் போன்றவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். சென்னையில் சிலர், பாரிஸ் பக்கம் ஒருவர், காரைக்கால் பக்கம் நெரவியில் நான். எங்கள் எல்லோருக்கும் ஒரே குறை: அவ்வளவு பெரிய குடியரசு தொடரின் ஒரே எபிசோடில் கவிழ்ந்துவிடுகிறது. ஒருவன் பேசுகிறான், சபை கை தட்டுகிறது, பேரரசு வந்துவிட்டது. கத்தரிக்காய் பொறுக்கி வாங்கக்கூட இதைவிட நேரமாகும். ஆகவே அது எப்படி நடந்திருக்கும் என்று ஆளுக்கொரு விதமாக எழுதிப் பார்ப்போம். மற்றவர்கள் படையெடுப்பு, சதி, விஷம் என்று எழுதினார்கள். நான் காரைக்கால் பேருந்தில் உட்கார்ந்து தண்ணீரை எழுதினேன்.

என் கதையில் வறட்சி. கிரகங்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட வேண்டும். சபையில் தினமும் சண்டை. சலித்துப்போய், மதகுச் சாவியை ஒரே ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள், இந்த ஒரு பருவத்துக்கு மட்டும். மழை வந்த பிறகும் அவன் திருப்பித் தரவில்லை. "இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது" என்று குழுவே கொதித்தது.

அது எனக்கு எங்கே கிடைத்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊர், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர். ஒரு வறண்ட பருவத்தில் ஊர் கூடி வாய்க்கால் மதகின் சாவியை என் அண்ணனிடம் கொடுத்தது. இன்றுவரை அவரிடம்தான் இருக்கிறது.

என் மகள் கதையை மாமாவுக்கு அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போனும் கையுமாக வந்து நின்றார். அம்மா அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது அவர் மட்டும்தான்.

"நான்தானா அது?"

நான் அவர் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"திருப்பிக் குடுக்கலன்னு எழுதியிருக்கியே, யாரு வந்து கேட்டா?"

அன்றே சாவியைக் கோயில் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, வேண்டியவர்கள் திறந்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சாவி அங்கேயே தொங்கியது. அதைத் தொடுகிறவன் அடுத்த வயல்காரனிடம் ஏச்சு வாங்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், வேலைக்குப் போகும் வழியில் சமாதானம் பேச அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாவியை விடமாட்டேன்கிறார் என்று அவரைப் பற்றி டீக்கடையில் முணுமுணுத்த அதே ஆட்கள் சாவியோடு வாசலில் நின்றார்கள்.

"நாத்து காயுதுண்ணே. நீங்களே வச்சுக்குங்க. உங்கள வுட்டா யாரு பாப்பா?"

அண்ணன் அதை வாங்கி என் பக்கம் நீட்டினார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் வலித்தது.

"நீ வச்சுக்கிறியா? உனக்கும் நெலம் இருக்குல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

"எனக்கு எட்டு மணி பஸ்ஸுண்ணே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். நான் பேருந்தில் ஏறி அத்தியாயத்தைத் திருத்த ஆரம்பித்தேன். சபையில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.