முன்கூட்டியே ஒரு நன்றிப் பூசை

எங்கள் ஊர்க் கால்பந்து அணி தோற்கும்போதெல்லாம் அப்பா நிம்மதியாகச் சாப்பிடுவார். "தேறாதுன்னு நான்தான் சொன்னேன்ல" என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொள்வார். ஒரு மேட்சையும் விடமாட்டார். ஆனால் ஜெயிக்கும் என்று ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொன்னதில்லை. ஆசையை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது பத்துக் கட்டளைகளோடு அவராகச் சேர்த்துக்கொண்ட பதினோராவது கட்டளை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் அந்தக் கட்டளைக்கு ஆபத்து வந்தது. அணிக்குப் புதிதாக ஒரு பிரேசில்காரர் வந்திருந்தார். அவ்வளவுதான், சீசன் தொடங்குவதற்கு முன்பே டீவி, பேப்பர், சாந்தோம் ஆட்டோக்காரர்கள், எங்கள் மீன்காரம்மா உட்பட எல்லோரும் கோப்பை நமக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவி, யார் கண்ணும் படாதபடி மெத்தைக்கு அடியில் வைத்தார்.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, இதற்கு நேர்மாறு. தேனாம்பேட்டை செல்போன் கடைக்கு ஜெர்சியோடு வேலைக்குப் போய்த் திட்டு வாங்கியவர். "இன்னா மாமா, மூஞ்சி இப்டி கீது? கப்பு வாசல்ல வந்து நிக்குது, கதவத் தொறக்க மாட்டேன்றீங்களே!" என்று அப்பாவைச் சீண்டுவார். "டேய், வாய மூடுடா" என்பார் அப்பா.

முதல் மேட்ச் ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்று காலை மாதா கோயில் பூசையில், யார் யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பங்குச் சாமியார் வழக்கம்போல வாசித்தார். இறந்தவர்களின் பெயர்கள் முடிந்ததும் கொஞ்சம் தயங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நம் ஊர் கால்பந்து அணி கோப்பையை வென்றதற்கு நன்றியாக, வாத்தியார் வீட்டுக் குடும்பத்தார்" என்றார். வாத்தியார் என்றால் அப்பா. கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. அப்பா முன் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிச்சப்புறம் கேட்டா தேதி கெடைக்காது மாமா. அதான் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் மாமா. வெளியே ஆளாளுக்கு வந்து அப்பாவின் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள்.

திருஷ்டியெல்லாம் மூடநம்பிக்கை என்று மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்தவரும் இதே அப்பாதான். அன்று மாலை டீவியில் பதினோரு பேரும் வரிசையாக வந்து நின்றதும், உப்பும் காய்ந்த மிளகாயும் கொண்டுவரச் சொல்லி அம்மாவை விரட்டினார். அம்மா டீவிக்குச் சுற்றிப் போட்டாள். "அந்தப் பிரேசில் புள்ளைக்குத் தனியா சுத்து" என்றார் அப்பா. கேமரா அவர்மேல் வரும்வரை அம்மா கையில் மிளகாயோடு காத்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். எங்கள் வீட்டிலோ வந்த நெடியில் அத்தனை பேரும் இருமினோம். "பாத்தீங்களா, கண்ணே இல்ல!" என்று மாமா இருமிக்கொண்டே குதித்தார்.

நாலு கோல் வாங்கினோம். பிரேசில்காரர் பாதியிலேயே நொண்டிக்கொண்டு வெளியே போனார். மாமா ஜெர்சியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். நான் ஓவென்று அழுதேன். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்புங்க, பீச்சுக்குப் போய் பஜ்ஜி சாப்பிடலாம்" என்றார்.

அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. வழியில் ஒருவர், "இன்னா சார், உங்க டீமு இவ்ளோதானா?" என்று கேட்டார். "அவ்ளோதாம்பா, தேறாது" என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக. துவண்டு கிடந்த மாமாவின் கையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜியைத் திணித்து, "விடுடா. இனிமே ஒருத்தனும் கண்ணு வைக்க மாட்டான்" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவரெல்லாம் ஒரு ரசிகரா!

திரும்பும்போது எங்களை வாசலில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் போனார். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி முழங்காலில் நின்றவர், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"இன்னா மாமா வேண்டிக்கினீங்க?" என்று கேட்டார் மாமா.

"சொன்னா பலிக்காது" என்று சிரித்தார் அப்பா.

டீம் தோற்றதற்குச் சந்தோஷப்பட்ட பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார் என்றுதான் நான் நினைத்தேன். சரி, போனால் போகிறது என்று நானும் அவரை மன்னித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.