கைப்பைக்குள் போகாத லாப்டொப்

மெல்லிய லாப்டொப்பைத்தான் நான் முதலில் தூக்கினேன். கனடாவில், மார்க்கம் நகரில் ஒரு கணினிக் கடை. விற்க நின்றவர் பார்த்துக்கொண்டு நிற்க, அதை என் கைப்பைக்குள் விட்டுப் பார்த்தேன். போனது. சிப்பையும் இழுத்து மூடினேன். மனிதர் பதறிப்போனார், களவெடுக்கிறேன் என்று நினைத்தாராக்கும்.

பக்கத்தில் மற்றது கிடந்தது. கறுப்பு, தடிப்பு, சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல் அளவு. என் தங்கச்சி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ செய்து கொடுக்கிற ஆட்கள். அவள் கமராவோடு போய்ப் பிடிப்பாள். நான் ரெக்ஸ்டேலில் அப்பார்ட்மென்ட்டுக்குள் இருந்து வெட்டி, பாட்டுச் சேர்த்துப் படமாக்குவேன். அவளுக்கு யூனியன்வில்லில் வீடு, கார் எல்லாம் இருக்கிறது. எனக்குக் கார் ஓடத் தெரியாது, பஸ்தான். அதனால் அவள் வெளியே, நான் உள்ளே என்று தொடக்கத்திலேயே ஆகிவிட்டது. நான் வெட்டிய படத்தைப் பார்த்து ஒரு சனம் சிரித்ததையோ அழுததையோ என் கண்ணால் கண்டதில்லை. எல்லாருக்கும் நல்லாய்ப் பிடித்ததாம் என்று தங்கச்சி போனில் சொல்லுவாள். அதைக் கேட்டுவிட்டு நான் போய்ச் சோறு வடிப்பேன்.

இப்போது இங்கே ஒரு புதுப் பழக்கம். காலையில் நடந்த தாலிகட்டைப் பின்னேரத்துக்குள் வெட்டி, இரவு ரிசப்ஷனில் பெரிய திரையில் போட்டுக் காட்டவேண்டும். சேம் டே எடிட் என்று பெயர். அதற்கு வெட்டுகிற ஆள் மண்டபத்திலேயே ஒரு மூலை மேசையில் இருக்கவேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த மூலை மேசை மேல் ஆசை. அங்கே இருந்துகொண்டு சனத்தின் முகத்தைப் பார்க்கவேண்டும், வேறு ஒன்றும் இல்லை. அதற்குத்தான் மெல்லியது வேண்டும் என்றேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம்.

தங்கச்சி சிரித்தாள். இரண்டு கமராக் காட்சியைச் சேர்த்துப் போட்டாலே மெல்லியதுக்கு மூச்சு வாங்கும், பாரமானதுதான் இந்த வேலைக்குத் தாக்குப்பிடிக்கும் என்றாள். சும்மா சொல்லக்கூடாது, அதில் பொய் இல்லை.

"நீ என்ன லாப்டொப்பைக் காவித் திரியப் போறியே அக்கா? முதல் இதை வாங்கு. மண்டப வேலை வரேக்க மெல்லிசா இன்னொண்டு எடுப்பம். உனக்கு நான் பிழையாச் சொல்லுவனே?"

சொல்லமாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். விசரி நான்.

பாரமானது வேலையில் கெட்டிதான். ஓடத் தொடங்கினால் அறை முழுக்க இரைச்சல், ஆனால் எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும். ஒருமுறை அதைத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ் மாறி மாறி யூனியன்வில்லுக்குப் போனேன். பையின் பட்டி பதிந்து தோள் கன்றிப்போனது. தங்கச்சி அதைத் தடவிவிட்டு, நான் சொன்னனான்தானே என்றாள். மண்டப வேலை எப்போது வரும் என்று கேட்கும்போதெல்லாம், இப்போது ஒருத்தரும் அப்படிக் கேட்பதில்லை என்பாள்.

போன மாதம் தூரத்துச் சொந்தத்தில் ஒரு அன்ரியின் மகளுக்குக் கலியாணம். தங்கச்சிதான் கமரா. இவர்களும் சேம் டே எடிட் கேட்கவில்லை, நீ வடிவாய்ச் சாரியைக் கட்டிக்கொண்டு காலையில் தாலிகட்டுக்கு விருந்தாளியாய் வந்திட்டுப் போ என்றாள். கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலையில் தாலிகட்டைப் பார்த்தேன். பிறகு, இரவுக்கும் நில் என்று அன்ரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, மத்தியானம் முழுக்க அவர் வீட்டில் இருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பலகாரப் பைகளைக் கட்டினேன். இரவு அவர்களுடைய காரிலேயே மண்டபத்தில் வந்து இறங்கினேன்.

ரோல்ஸ் தட்டோடு இருந்தபோது விளக்கு அணைந்தது. திரையில் காலையில் நடந்த கலியாணம் ஓடத் தொடங்கியது.

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தேன். மூலை மேசை. அதில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவளுக்கு முன்னால் ஒரு மெல்லிய லாப்டொப், நான் கைப்பைக்குள் விட்டுப் பார்த்தேனே, அந்த மாதிரி. அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு என் தங்கச்சி சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். அந்தப் பெண் இங்கே பிறந்து வளர்ந்தவள். பாவம், ஒன்றும் தெரியாமல் எழும்பிக் கை தந்தாள்.

"நீங்கதான் அந்த அக்காவா? ஐ லவ் யுவர் வேர்க். நீங்க ஹோலுக்கு வர விரும்புறேல்லை எண்டு ஷி ஆல்வேஸ் சேய்ஸ்."

எப்போதிலிருந்து இந்த வேலை செய்கிறீர் என்று கேட்டேன். போன சம்மரில் இருந்து என்றாள். நாங்கள் லாப்டொப் வாங்கப் போனது அதற்குப் பிறகு வந்த பனிக்காலத்தில். அந்தக் கடையில் பாரமானதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றபோதே தங்கச்சிக்கு எல்லாம் தெரியும். எனக்குப் பலமானது வேண்டும் என்று அவள் பார்க்கவில்லை. நான் தூக்கிக்கொண்டு வெளியே வர ஏலாதது வேண்டும் என்று பார்த்திருக்கிறாள்.

தங்கச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் முன்வரிசையில் சலசலப்பு.

திரையில் கலியாணப் பொம்பிளை கூறைச்சேலையோடு, கழுத்தில் தாலியோடு இருந்தாள். அடுத்த காட்சியில் கூறைக்கு முந்திக் கட்டியிருந்த சேலை, வெறுங் கழுத்து, தகப்பன் தாரை வார்க்கிறார். படம் எடுப்பாய்த் தொடங்கட்டும் என்று அந்தப் பெண் தாலிகட்டைத் தூக்கி முன்னுக்குப் போட்டிருக்கிறாள். எங்கள் சனம் அதையா பார்க்கும்? கட்டிய தாலியைக் கழற்றியது போலக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுத்தார்கள். இவ்வளவு காலமும் பார்க்க ஆசைப்பட்ட முகங்களைக் கடைசியில் இப்படித்தான் பார்த்தேன்.

அன்ரி நேரே எங்களிடம் வந்தார். யார் இதைச் செய்தது என்று கேட்டார்.

தங்கச்சி யோசிக்கவே இல்லை. "அக்காதான் அன்ரி வெட்டினவ. வீட்டுக்குள்ளயே இருந்து செய்யிறவதானே, முறை தெரியாமல் மாறிப் போச்சு."

எனக்கு முறை தெரியாதாம்! கூறை மாற்றி வருகிற இடத்தில் கமரா எங்கே நிற்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்.

அன்ரி என் பக்கம் திரும்பினார். "ஓமோ பிள்ளை?"

தங்கச்சி என் கையைப் பிடித்து அமத்தினாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அம்மா வரும்போது இப்படித்தான் அமத்துவாள். அப்போதெல்லாம் நான் ஓம் என்றிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன்.

"இல்லை அன்ரி," என்றேன். "நான் மத்தியானம் முழுக்க உங்களோட இருந்து பை கட்டினனான். என்ர லாப்டொப் ரெக்ஸ்டேலில மேசையில கிடக்கு. அது இந்தக் கைப்பைக்குள்ள போகாது."

அன்ரி மூலை மேசையைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளிக்கப் போய்விட்டார். அந்தப் பெண் தன் லாப்டொப்பை மெல்ல மூடினாள்.

தங்கச்சி என்னைப் பார்க்கிங்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன், அவ்வளவு மொக்கு நான். காருக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"சொந்த அக்கா நீ," என்றாள். "இத்தனை ஆக்களுக்கு முன்னால என்னைக் காட்டிக் குடுத்திட்டாய்."

மண்டபத்தில் விளக்கு அணைந்த நேரத்திலிருந்து 'காட்டிக் குடுத்திட்டாய்' என்ற அந்தச் சொல்லை அவளுக்குச் சொல்லவென்று நான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அதையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள்.